எஃப்.சி. எதுவரை செல்லும்? தருமபுரி, கிருஷ்ணகிரி வண்டிக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

எஃப்.சி. என்பது வண்டிக்கு வாங்கும் தகுதிச் சான்று. பாலக்கோடு தக்காளி மண்டியில் லோடுக்குக் காத்திருக்கும் ஓட்டுநர்களிடம் “எஃப்.சி. எத்தனை வருஷம்ண்ணே செல்லும்?” என்று கேட்டுப் பாருங்கள். லாரிக்காரர் ஒரு வருஷம் என்பார். புது டாடா ஏஸ் எடுத்தவர் ரெண்டு வருஷம் என்பார். சொந்தக் கார் வைத்திருக்கும் மண்டிக்காரர் பதினைந்து வருஷம் என்பார். மூன்று பேர் சொல்வதும் சரி. அவரவர் வண்டிக்கு அதுதான் கணக்கு. பக்கத்து வீட்டு வண்டிக்குச் சொன்ன தேதியை நம் வண்டிக்கும் வைத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

உங்கள் வண்டிக்கு எந்தத் தேதி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளவும், அந்தத் தேதி வருவதற்குள் என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் இது உதவும்.

முதலில் போர்டைப் பாருங்கள்

எல்லாவற்றையும் தீர்மானிப்பது நம்பர் போர்டின் நிறம். வெள்ளை போர்டு என்றால் சொந்த உபயோகம். மஞ்சள் போர்டு என்றால் வாடகை, சரக்கு, பயணிகள் என்று தொழிலுக்கு ஓடும் வண்டி. எலக்ட்ரிக் வண்டிகளுக்குப் பச்சை போர்டு. அதில் வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி.

நாம் எஃப்.சி. என்று சொல்லும் தகுதிச் சான்று, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 56ஆம் பிரிவின்படி தொழில் வண்டிகளுக்கு மட்டும்தான். சொந்தக் காருக்கும் பைக்குக்கும் தனியாக எஃப்.சி. கிடையாது. அவற்றுக்கு ஆர்.சி. எனும் பதிவுச் சான்றுப் புத்தகத்தின் ஆயுள்தான் கணக்கு. விவசாய டிராக்டரும் இந்தச் சொந்த வண்டி வகையில்தான் வரும். ஆனால் அதே டிராக்டரில் டிரெய்லர் மாட்டி செங்கல், ஜல்லி என்று வாடகைக்கு அடித்தால் கதை மாறிவிடும். வயலுக்குத்தானே வாங்கினோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மஞ்சள் போர்டு வண்டிக்கு எத்தனை வருஷம்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 62ஆம் விதி இதைச் சொல்கிறது. புது வண்டிக்கு முதல் எஃப்.சி. 2 ஆண்டு. அதன் பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும்வரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் 2 ஆண்டு. 8 வயதைத் தாண்டிவிட்டால் வருடத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும்.

ஒரு ஈச்சர் லாரியை வைத்துக் கணக்குப் போடலாம். 2019 ஜூன் 10-இல் பதிவானது என்று வையுங்கள். முதல் எஃப்.சி. 2021 ஜூன் 9 வரை. அப்போது புதுப்பித்தால் 2023 ஜூன் வரை. மறுபடி 2025 ஜூன் வரை. அப்போது வண்டிக்கு 6 வயதுதான், ஆகவே இன்னும் 2 ஆண்டு கிடைத்து 2027 ஜூன் வரை ஓடும். அதோடு 8 வயது முடிகிறது. அங்கிருந்து ஒவ்வொரு ஜூனிலும் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் வண்டியை நிறுத்த வேண்டியதுதான். முதல் எட்டு வருஷத்தில் மூன்றே முறை காட்டிய அதே லாரி, அடுத்த எட்டு வருஷத்தில் வருஷம் தவறாமல் காட்டும்.

வயதை எண்ணுவது வண்டி முதன்முதலில் பதிவான தேதியிலிருந்து. நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து இல்லை. மூன்றாம் கை வண்டி வாங்கியவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள்.

“முன்னெல்லாம் வருஷா வருஷம்தானே காட்டினோம்” என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வதிலும் தப்பில்லை. 2018 வரை அப்படித்தான் இருந்தது. புது வண்டிக்கு மட்டும் 2 ஆண்டு, அப்புறம் எல்லா வண்டிக்கும் ஓராண்டு. அந்த ஆண்டு விதியைத் திருத்தி, 8 வயதுவரை 2 ஆண்டு என்று ஆக்கினார்கள். அதுபோலவே கொரோனா காலத்தில் ஆவணங்களின் தேதியைத் திரும்பத் திரும்ப நீட்டித்து 2021 அக்டோபர் 31 வரை கொண்டுபோனார்கள். அந்தப் பழக்கத்தில் “கவர்மென்ட் எப்படியும் தள்ளிக் கொடுக்கும்” என்று இன்னும் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது அப்படி எதுவும் இல்லை.

எஃப்.சி. தேதி முடிந்த வண்டியைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. 56ஆம் பிரிவின்படி, எஃப்.சி. இல்லாத தொழில் வண்டி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. அதாவது நம்பரே இல்லாத வண்டி ஓட்டியதற்குச் சமம். 192ஆம் பிரிவில் அதற்கு முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் 5,000 முதல் 10,000 வரை, அல்லது ஓராண்டு வரை சிறையும் உண்டு. போதாததற்கு, தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று மத்திய விதி சொல்கிறது. பட்டறையில் நாலு மாதம் நின்ற வண்டிக்கு அதுவே 6,000 ரூபாய்.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நடந்தால்தான் பெரிய அடி. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போகும் வண்டிகளை இடித்துத் தள்ளிய செய்தியை இந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அப்படி ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் முதலில் புரட்டுவது எஃப்.சி. தேதியைத்தான். அது முடிந்திருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்குக் கையை விரித்துவிடுவார்கள். அடிபட்டவருக்கு முதலில் கம்பெனி பணம் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்வது உண்டு. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தும் கடைசியில் வீட்டை விற்க வேண்டிய நிலை அப்படித்தான் வருகிறது.

வெள்ளை போர்டு: 15 ஆண்டு, பிறகு 5 ஆண்டு

சொந்த வண்டியின் ஆர்.சி. பதிவுத் தேதியிலிருந்து 15 ஆண்டு செல்லும். அது முடிந்ததும் வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். அந்த 5 ஆண்டு முடிந்தால் மறுபடி 5 ஆண்டு. 15 வயதானால் வண்டியைக் கட்டாயம் உடைப்புக்குப் போட வேண்டும் என்ற பேச்சு ஊரில் நிறைய உலவுகிறது. டெல்லிப் பக்கத்துச் சட்டத்தை இங்கே ஒட்டிப் பேசுவதால் வரும் பயம் அது. நம் பக்கம் சோதனையில் தேறினால் ஓட்டலாம். அரசு வண்டிகள் மட்டும் விலக்கு: 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயதான அரசு வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கவே மாட்டார்கள், பஞ்சாயத்து வண்டி உட்பட. ஏலத்தில் சல்லிசாக எடுத்து ரோட்டில் ஓட்டலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

புதுப்பிக்க 25ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேதி முடிவதற்கு 60 நாள் இருக்கும்போதிருந்து விண்ணப்பிக்கலாம், அதற்கு முன்னால் முடியாது. 2011 ஆகஸ்ட் 14-இல் பதிவான ஒரு ஸ்ப்ளெண்டர் 2026 ஆகஸ்ட் 13 வரை செல்லும் என்றால், ஜூன் நடுவில் வேலையைத் தொடங்கலாம். தாமதித்தால் பைக்குக்கு மாதம் 300 ரூபாய், காருக்கு மாதம் 500 ரூபாய் என்று கூடுதல் கட்டணம் ஏறும். இதோடு தமிழ்நாட்டில் பசுமை வரியும் கட்ட வேண்டும். பென்னாகரம், அரூர் பக்கம் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் பழைய பைக்குகளில் ஆர்.சி. தேதியை யாரும் திருப்பிப் பார்ப்பதே இல்லை. மகன் அதை எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்து சோதனையில் மாட்டும்போதுதான் வீட்டில் ஆர்.சி.யைத் தேடுகிறார்கள்.

ஒரு வண்டிக்கு ஐந்து தேதி

எஃப்.சி. இருக்கிறது என்றால் எல்லாம் இருக்கிறது என்று ஆகாது. புகைச் சான்றுக்குத் தனித் தேதி. புது வண்டிக்கு முதல் ஓராண்டு அது தேவையில்லை. அப்புறம் பி.எஸ். 4, பி.எஸ். 6 என்ற புகைத் தர அளவில் வந்த வண்டிகளுக்கு ஓராண்டும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதமும் செல்லும். உங்கள் வண்டி எந்த வகை என்பது ஆர்.சி.யிலேயே இருக்கும். பேட்டரி வண்டிக்குப் புகை ஏது, அதற்குச் சான்றும் வேண்டாம். புகைச் சான்று இல்லாமல் மாட்டினால் சட்டத்தில் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. எடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் இதை விடுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஓராண்டு. சரக்கு வண்டி, வாடகை வண்டியின் பெர்மிட் 5 ஆண்டு. நேஷனல் பெர்மிட் வண்டியாக இருந்தால் அந்த அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வரி தனி. ஆக, வண்டி உண்மையில் எதுவரை ஓடலாம் என்று கேட்டால், இந்தத் தேதிகளில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க எம்-பரிவாகன் செயலி போதும். வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், புகை, வரி என்று தேதிகள் வரும். சொந்த வண்டிக்கு எஃப்.சி. என்ற இடத்தில் காட்டுவது ஆர்.சி. முடியும் தேதிதான். அதில் காட்டும் ஆவணங்களையும் டிஜிலாக்கரில் உள்ளதையும் ரோட்டில் காட்டினால் செல்லும். காகிதம்தான் வேண்டும் என்று கேட்கக் கூடாது.

எஃப்.சி. இந்தியா முழுக்கச் செல்லும். தருமபுரியில் வாங்கிய எஃப்.சி.யோடு ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போகலாம், கர்நாடகத்துக்கென்று தனி எஃப்.சி. கிடையாது. பெர்மிட்டும் வரியும் வேறு விஷயம், அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி இருந்தும் செல்லாமல் போவது

2 ஆண்டு என்று போட்டுக் கொடுத்தால் 2 ஆண்டும் கேள்வியே இல்லை என்று நினைக்கக் கூடாது. அது அதிகபட்சத் தேதி மட்டுமே. வண்டி விதிப்படி இல்லை என்று தெரிந்தால், காரணத்தை எழுத்தில் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் எஃப்.சி.யை ரத்து செய்ய அதிகாரம் இருக்கிறது. ரத்தானால், புது எஃப்.சி. வாங்கும்வரை ஆர்.சி.யும் பெர்மிட்டும் நிறுத்தி வைக்கப்பட்டதாகவே அர்த்தம்.

பெரிய விபத்துக்குப் பிறகு சேசிஸ் வளைந்த வண்டி, பாடியை உயர்த்திக் கட்டிய கிரானைட் லாரி, கூடுதல் சீட் போட்ட வேன் எல்லாம் இந்த வகையில் மாட்டும். எஃப்.சி. காட்டும் அன்று ஒரு செட் டயர், அடுத்த நாள் பழைய டயர் என்று மாற்றுபவர்களும் உண்டு. தொப்பூர் இறக்கத்தில் அது யாரை ஏமாற்றும் என்று அவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

பள்ளி வேன், பேருந்துகளுக்கு இன்னொரு கூடுதல் வேலை. தமிழ்நாடு பள்ளி வாகனச் சிறப்பு விதிகள் 2012-இல் வந்த பிறகு, ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் மே மாதத்தில் ஒரு மைதானத்தில் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் பார்க்கிறார்கள். அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, படிக்கட்டு உயரம் எல்லாம் பார்ப்பார்கள். அதில் தேறினால் எஃப்.சி. தேவையில்லை என்று அர்த்தமில்லை. எஃப்.சி. இருக்கிறது என்று அதற்குப் போகாமலும் இருக்க முடியாது.

எப்போது தொடங்குவது

தேதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள் என்பது பொதுவாக எல்லோரும் சொல்வது. நான் அதோடு பருவத்தையும் பார்க்கச் சொல்வேன். கிருஷ்ணகிரியில் மாங்காய் லோடு அடிப்பவருக்கு மே, ஜூன் மாதங்களில் எஃப்.சி. முடிந்தால் வருஷத்துச் சம்பாத்தியமே பட்டறையில் நின்றுவிடும். ஒகேனக்கலுக்கு வேன் ஓட்டுபவருக்கு ஆடிப்பெருக்கு, ஐயப்ப சீசனை நம்பியிருப்பவருக்கு கார்த்திகை, மார்கழி. தேதியை மாற்ற முடியாது. ஆனால் பட்டறை வேலையை முன்னதாக முடித்து, வண்டியை மைதானத்துக்குக் கொண்டுபோக மட்டும் பாக்கி என்ற நிலையில் வைத்திருக்கலாம். சீசன் நேரத்தில் பெயிண்டர், வெல்டர், எலக்ட்ரீசியன் மூவரும் ஒரே வாரத்தில் கிடைப்பது குதிரைக் கொம்பு.

பட்டறையில் முதலில் கை வைக்க வேண்டியது பிரேக்கும் ஸ்டியரிங்கும். பெயிண்ட் கடைசி. நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: பளபளவென்று பெயிண்ட், பம்பரில் பூவேலை, உள்ளே தேய்ந்த பிரேக் லைனிங். அடுத்து ஹெட்லைட் ஒளி விழும் உயரம், இண்டிகேட்டர், பிரேக் லைட், வைப்பர், ஹாரன், கண்ணாடி, ஸ்பீடோமீட்டர், சைலன்சர். சரக்கு வண்டிக்கு ஒளிரும் ஸ்டிக்கர் விதிப்படி முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று இருக்க வேண்டும். கனரக வண்டிக்குப் பின்புறத் தடுப்புக் கம்பியும் பக்கத் தடுப்பும். பொருந்தும் வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. ஃபாஸ்டாக் ஒட்டாத தொழில் வண்டிக்கு எஃப்.சி. புதுப்பிக்க மாட்டார்கள். சி.என்.ஜி. வண்டியாக இருந்தால் சிலிண்டரின் மூன்றாண்டுச் சோதனைத் தேதியையும் பாருங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பம்

பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரையும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தையும் கொடுத்தால், பதிவான மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். பாதிப் பேர் இங்கேதான் நிற்பார்கள். அந்த மொபைல் எண் முந்தைய உரிமையாளருடையதாகவோ ஷோரூம்காரருடையதாகவோ இருக்கும். எஃப்.சி.க்கு ரொம்ப முன்பே அதை உங்கள் எண்ணாக மாற்றிவிடுங்கள். வண்டி இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றம்.

அடுத்து, பாக்கி இருக்கும் இ-சலான், வரி இரண்டையும் தீர்த்துவிடுங்கள். புகை, இன்சூரன்ஸ் தேதிகள் சோதனை நாளில் உயிரோடு இருக்க வேண்டும். கட்டணம் வண்டி வகைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும், 15 வயது தாண்டிய வண்டிக்குப் பல மடங்கு. அது அடிக்கடி திருத்தப்படுவதால், போன வருஷம் இன்னொருவர் கட்டிய தொகையை நம்பாமல் திரையில் காட்டுவதைக் கட்டுங்கள். ரசீதையும் சோதனைத் தேதியையும் எடுத்துக்கொண்டால் போதும், இதற்கு ஏஜெண்ட் கட்டாயமில்லை. வேலைக்குப் போகும் ஆள், நேரமில்லை என்றால் ஏஜெண்டிடம் கொடுக்கலாம். ஆனால் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு வாங்குங்கள்.

தருமபுரி வண்டிகள் டி.என். 29, கிருஷ்ணகிரி டி.என். 24, ஓசூர் டி.என். 70. எந்த அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்பது விண்ணப்பத்திலேயே வரும். தானியங்கிச் சோதனை நிலையம் வந்துவிட்ட இடங்களில் பிரேக்கையும் விளக்கையும் இயந்திரம் அளக்கும். அங்கே காட்டினாலும் செல்லும் காலம் மேலே சொன்ன அதே கணக்குதான்.

சோதனை நாள்

முந்தைய நாளே வண்டியைக் கழுவுங்கள், குறிப்பாக சேசிஸ் எண் இருக்கும் இடத்தை. லாரிகளில் அது சேசிஸ் ஃபிரேமில் அடித்திருக்கும். மேலே மண்ணும் கிரீஸும் துருவும் மூடியிருக்கும். கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றித் துணியால் துடைத்து, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் எழுத்து எழும்பும். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துப் பார்க்கும்போது ஒவ்வொரு இலக்கமும் தெளிவாக விழ வேண்டும். ஒரு எட்டு மூன்றாகத் தெரிந்தாலும் கேள்வி வரும். ஆனால் துரு போக வேண்டுமென்று கிரைண்டரை வைத்துவிடாதீர்கள். எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்தால் அதிலிருந்து வெளியே வருவது பெரும் பாடு.

வண்டியை நன்றாகத் தெரிந்த ஓட்டுநரை அனுப்புங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டச் சொல்வார், பிரேக் அடிக்கச் சொல்வார், விளக்கைப் போடச் சொல்வார். எந்த ஸ்விட்ச் எங்கே என்று தடுமாறும் ஆளைப் பார்த்தால் அவருக்கு வண்டிமீதே சந்தேகம் வரும்.

தேறவில்லை என்றால் கோபப்பட்டுப் பயனில்லை. என்ன குறை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக “பிரேக் சரியில்லை” என்றால் பட்டறைக்காரர் எதையாவது மாற்றிவிட்டுப் பில் போடுவார். குறையைச் சரிசெய்து மறுபடி காட்டலாம். மறுத்தது நியாயமில்லை என்று தோன்றினால், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய 57ஆம் பிரிவு வழி தருகிறது.

தேறினால் 38ஆம் எண் படிவத்தில் சான்று வரும். அங்கேயே தேதியைப் பாருங்கள். 6 வயது வண்டிக்கு ஓராண்டு என்று விழுந்திருந்தால் அன்றே கேளுங்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்னொரு நாள் அலைச்சல்.

பழைய வண்டி வாங்கும்போது

“புது எஃப்.சி.ண்ணே, அப்படியே ஓட்டலாம்” என்று விற்பவர் சொன்னால் சான்றை வாங்கிப் பாருங்கள். அது எத்தனை ஆண்டுக்குக் கொடுத்தது என்பதே வண்டியின் வயதைச் சொல்லிவிடும். ஓராண்டுக்கு மட்டும் என்றால் வண்டி 8 வயதைத் தாண்டியது, பெயிண்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி.

எஃப்.சி. முடிய ஒரு மாதமே இருக்கும் வண்டி மலிவாகக் கிடைத்தால், அதைக் காட்டுவதற்கு ஆகும் பட்டறைச் செலவைத்தான் அவர் விலையில் குறைத்திருக்கிறார். மெக்கானிக்கைக் கூட்டிப் போய் அந்தச் செலவு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். முடிந்தால் எஃப்.சி. காட்டிக் கொடுத்த பிறகு மீதிப் பணம் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். மறுக்கிற ஆள் இருந்தால், வண்டியில் அவருக்குத் தெரிந்த குறை ஏதோ இருக்கிறது.